குளிர்நாட்டுக் கொல்லையில் ஜப்பானிய நெல்: எந்த ரகம், வாளியா பாத்தியா?

பின்கட்டு
வணக்கம். வீட்டுக்குப் பின்னால் 2 சதுர மீட்டர் இடம் இருக்கிறது, தெற்கு வெயில் முழுசாக விழும். வடக்கு 48 டிகிரி அட்சரேகை, கடலுக்குத் தள்ளி உள்ள ஊர். கடைசி உறைபனி மே நடுவில், முதல் உறைபனி அக்டோபர் தொடக்கத்தில். ஜூலை, ஆகஸ்ட் சராசரி வெப்பம் 20 டிகிரி செல்சியஸ். கோஷிஹிகாரி என்ற ஜப்பானிய ரகம் போட ஆசை. கடையில் விற்கும் கோஷிஹிகாரி பழுப்பரிசியையே முளைக்க வைக்கலாமா? வாளி நல்லதா, பாத்தி கட்டுவது நல்லதா? நாற்று எப்போது விடணும்? தெரிந்தவர்கள் அளவோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

தாளடி
உங்கள் ஊருக்குக் கோஷிஹிகாரி வேண்டாம். அது 1956-இல் பதிவான ரகம். ஜப்பானின் ஃபுகுயியில் உருவாகி, நிகாதாவில் பேர் வாங்கியது. அந்த ஊர்கள் எல்லாம் 36 முதல் 38 டிகிரிக்குள். பகல் நீளம் குறையத் தொடங்கினால்தான் அது கதிருக்குத் திரும்பும். 48 டிகிரியில் ஜூன் கடைசியில் பகல் 16 மணி நேரம், ஆகஸ்ட் தொடங்கும்போதும் 15 மணி நேரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். பயிர் பச்சைப் பசேல் என்று தூர் (பக்கத் தண்டுகள்) கட்டும், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கதிர் வெளியே வர ஆகஸ்ட் கடைசியோ செப்டம்பரோ ஆகிவிடும். பால் பிடிப்பதற்குள் குளிர் வந்து அத்தனையும் பதர்.

நாற்று விடும் தேதியிலிருந்து கணக்குப் போடாதீர்கள். கதிர் வரும் தேதியிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். கதிர் வந்த நாளிலிருந்து ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பத்தையும் கூட்டிக்கொண்டே போனால் 900 முதல் 1000 டிகிரி சேரும்போது மணி முற்றும். உங்கள் ஊரில் ஆகஸ்டில் நாளுக்கு 20, செப்டம்பரில் 15 என்று வைத்தாலும் ஜூலை கடைசி வாரம் அல்லது ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் கதிர் வந்தாக வேண்டும். அதற்கு ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவின் ரகங்கள்தான் சரி. கிராரா 397 (1988), ஹோஷினோயுமே (1996), நானாட்சுபோஷி (2001) இவை பகல் நீளத்தைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. வெப்பம் சேர்ந்தால் கதிர் வரும்.

நடுவில் அகிதாகோமாச்சி (1984), ஹிதோமேபோரே (1991) இருக்கின்றன. இரண்டுமே கோஷிஹிகாரிக்குப் பிறந்தவை. அகிதாகோமாச்சி தாயைவிட ஏறக்குறைய ஒரு வாரம் முந்தும். ஹிதோமேபோரே சூல் பருவக் குளிரை, அதாவது கதிர் தண்டுக்குள் உருவாகும்போது வரும் குளிரை, நன்றாகத் தாங்கும். 40, 42 டிகிரி ஊர்க்காரர்கள் இவற்றைப் பார்க்கலாம். 48-க்கு நான் சொல்ல மாட்டேன்.

உழக்கு
விதை விஷயம். பழுப்பரிசி முளைக்கும், கரு அதிலேயே இருப்பதால். தீட்டிய வெள்ளை அரிசியில் கரு போய்விடுகிறது, அது முளைக்கவே முளைக்காது. ஆனால் பழுப்பரிசியில் மூன்று தொல்லை. உமி உரிக்கும் இயந்திரத்தில் கரு அடிபட்டிருக்கும். உமி இல்லாததால் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும். மூன்றாவது, பைமேல் இருக்கும் பெயரும் உள்ளே இருக்கும் ரகமும் ஒன்றுதான் என்று எண்ண முடியாது. நிகாதா மாநிலம் 2005 முதல் குலை நோய் தாங்கும் கோஷிஹிகாரி பிஎல் வரிசைகளைப் பயிரிடுகிறது. ‘நிகாதா கோஷிஹிகாரி’ என்று வாங்கினால் பெரும்பாலும் அதுதான். சாப்பிட வித்தியாசம் தெரியாது, விதை சேர்ப்பவருக்கு அது முக்கியம்.

ஜப்பானிலிருந்து யாரிடமாவது நெல் கொடுத்தனுப்பச் சொல்லாதீர்கள். பல நாடுகளில் நெல் விதைக்குப் பயிர்நலச் சான்றிதழ் கட்டாயம், சில நாடுகளில் அனுமதி இல்லாமல் உமியோடு கூடிய நெல்லை உள்ளே விடவே மாட்டார்கள். போதாததற்கு ஜப்பான் தன் விதைச் சட்டத்தைத் திருத்தி, 2021 ஏப்ரலிலிருந்து பதிவுப் பாதுகாப்பில் உள்ள ரகங்களை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதைக் கட்டுப்படுத்திவிட்டது. கோஷிஹிகாரி மாதிரிப் பழைய ரகங்கள் அந்தப் பாதுகாப்பில் வராது, ஆனால் சான்றிதழ் விதி அவற்றுக்கும் உண்டு. உங்கள் நாட்டுக்குள்ளேயே விதை பரிமாறுகிறவர்களிடம் கேட்பதுதான் ஒழுங்கான வழி. ஹொக்கைடோ ரகம் கிடைக்காவிட்டால், எந்தக் குட்டை மணி நெல் உங்கள் அட்சரேகையில் ஆகஸ்ட் தொடக்கத்தில் கதிர் விடுகிறதோ அதை வாங்குங்கள். பெயர் இரண்டாம் பட்சம்.

சேற்றுக்கால்
விதை நேர்த்தியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கைப்பிடி நெல்லுக்கு எதற்கு இவ்வளவு என்று விட்டுவிடுகிறார்கள், பிறகு நாற்று நெடுநெடுவென்று வெளுத்து வளர்ந்து செத்தால் கேள்வி கேட்கிறார்கள். அது பக்கானே நோய், விதையிலேயே வருவது.

1 லிட்டர் தண்ணீரில் 200 கிராம் உப்பு. அடர்த்தி 1.13 வரும். புது முட்டை போட்டால் சாய்ந்து படுத்து மிதக்கணும். மிதக்கும் நெல்லை வழித்துக் கொட்டிவிட்டு, மூழ்கியதை நன்றாகக் கழுவுங்கள். ஒட்டும் அரிசி ரகம் என்றால் 1.08 போதும், இல்லாவிட்டால் நல்ல விதையும் மிதக்கும்.

அடுத்து வெந்நீர். 60 டிகிரியில் சரியாக 10 நிமிடம், எடுத்த கையோடு குளிர்ந்த தண்ணீர். விதையைப் போல் பத்து மடங்கு தண்ணீர் இருக்கட்டும், இல்லாவிட்டால் விதை விழுந்ததுமே வெப்பம் இறங்கிவிடும். வலைப்பையில் போட்டு உள்ளே ஆட்டிக்கொண்டே இருங்கள். உப்புக் கரைசலில் இருந்து எடுத்த விதையை ஒரு மணி நேரத்துக்குள் வெந்நீரில் இறக்கணும். அதற்கு மேல் தாமதமானால் ஈரம் உள்ளே ஏறிவிடும், ஈர விதை வெந்நீரில் செத்துப்போகும். தாமதமாகிவிட்டால் முழுசாக உலர்த்தி வேறொரு நாள் செய்யுங்கள். உமி இல்லாத பழுப்பரிசிக்கு இந்த வெந்நீர் வேலையே கூடாது.

பிறகு ஊறல். தண்ணீரின் வெப்பத்தை நாள் எண்ணிக்கையால் பெருக்கினால் 100 வரணும். 12 டிகிரி என்றால் 8 நாள். முதல் இரண்டு மூன்று நாள் 10 டிகிரிக்குக் கீழே போகவிடாதீர்கள், முளைப்பு கெடும். தண்ணீரை ஓரிரு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். கடைசியாக 30 டிகிரியில் ஒரு பகல் ஒரு இரவு. முளை 1 மில்லிமீட்டர் வெள்ளையாக எட்டிப் பார்த்ததும் விதைத்துவிடுங்கள். நீளவிட்டால் விதைக்கும்போது ஒடியும்.

பின்கட்டு
நன்றி. ஊறலுக்கு இத்தனை நாள் என்று தெரியாது, ஒரே இரவுதான் என்று நினைத்திருந்தேன். நாற்றங்கால் வீட்டுக்குள் வைக்கலாமா?

சேற்றுக்கால்
வெப்பமான தண்ணீரில் ஒரே இரவில் முளை வரும், ஆனால் ஒரே சமயத்தில் வராது. மெதுவாக ஊறினால் எல்லா விதையும் ஒரே உயரத்தில் எழும்பும். அதுதான் வித்தியாசம்.

வீட்டுக்குள் வைக்கலாம். ஏப்ரல் நடுவில் விதையுங்கள். குழித்தட்டில் குழிக்கு 2 அல்லது 3 விதை, மேலே 5 மில்லிமீட்டர் மண். மண்ணின் கார அமில நிலை 5-ஐ ஒட்டி இருக்கணும். 6-க்கு மேல் போனால் நாற்றழுகல் வரும். உங்கள் பக்கம் குழாய்த் தண்ணீர் சுண்ணாம்பு மிகுந்தது என்றால் இன்னொரு சிக்கல்: புது இலை மட்டும் வெளுத்து மஞ்சளாகும். தழைச்சத்துக் குறைவு என்று உரம் போடாதீர்கள், அது இரும்புக் குறைவு. மழைத்தண்ணீருக்கு மாறுங்கள். வயலில் தண்ணீர் கட்டிய பிறகு இரும்பு தானாகக் கரைந்து கிடைக்கும், அங்கே இந்தத் தொல்லை அரிது.

முளை வெளியே வரும்வரை 30 டிகிரி, பிறகு பகலில் 20 முதல் 25, இரவில் 10-க்குக் கீழே போகாமல். சன்னலோரம் வெளிச்சம் போதாமல் நாற்று நூல் மாதிரி நீளும். விளக்கு வையுங்கள், அல்லது பகலில் வெளியே எடுத்து வையுங்கள். 30க்கு 60 செ.மீ. தட்டு ஒன்றுக்கு இரண்டாவது இலை விரிந்ததும் அம்மோனியம் சல்பேட் 5 கிராம், 1 லிட்டரில் கரைத்து ஊற்றி, உடனே வெறும் தண்ணீரால் இலையைக் கழுவிவிடுங்கள். 30 முதல் 35 நாளில் நான்கு இலை வந்துவிடும். பகலும் இரவும் சேர்ந்த சராசரி 13, 14 டிகிரியைத் தாண்டியதும் நடலாம்.

கருக்காய்
வாளியே போதும். 20 லிட்டர் கறுப்பு வாளி, ஓட்டை இல்லாதது, வாளிக்கு ஒரு குத்து, அதாவது சேர்த்து நடும் ஒரு நாற்றுக் கொத்து. கறுப்பு வெயிலை இழுத்துத் தண்ணீரைச் சூடாக்கும், குளிர் ஊரில் அது லாபம். உறைபனி எச்சரிக்கை வந்தால் தூக்கி உள்ளே வைக்கலாம். பாத்தியை எப்படித் தூக்குவீர்கள்?

தாளடி
வாளிக்கு ஆதரவாகச் சொன்னதில் பாதி சரி. ஆனால் பின்கட்டு ஊரில் மிகப் பெரிய ஆபத்து உறைபனி இல்லை, ஜூலையில் வரும் குளிர் வாரம். கதிர் வெளியே வர 10, 12 நாள் இருக்கும்போது மகரந்தம் உருவாகும். அந்த நாட்களில் வெப்பம் 17 டிகிரிக்குக் கீழே தொடர்ந்து நின்றால் மகரந்தம் மலடாகும். கதிர் பார்க்க ஒழுங்காக வரும், உள்ளே ஒன்றும் இருக்காது.

இதற்கு ஹொக்கைடோவில் செய்வது, அந்த நாட்களில் தண்ணீரை 15 முதல் 20 செ.மீ. ஆழத்துக்கு ஏற்றிவிடுவது. அப்போது இளங்கதிர் தண்டுக்குள்ளே தரையிலிருந்து சில அங்குல உயரத்தில்தான் இருக்கும், தண்ணீர் அதைப் போர்த்திக்கொள்ளும். காற்று 14-க்குப் போனாலும் தண்ணீர் 18, 19-இல் நிற்கும். ஆகவே நீங்கள் எதில் நட்டாலும் மண்ணுக்கு மேலே 15 செ.மீ. காலி விளிம்பு வேண்டும். வாளியில் மண்ணை விளிம்புவரை நிரப்புகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அந்த நாளை எப்படிக் கண்டுபிடிப்பது? கடைசி இலையான கண்ணாடி இலையைப் பாருங்கள். இலைத்தாளும் உறையும் சேரும் இடத்தில் ஒரு கழுத்து இருக்கும், அதில் மெல்லிய மயிரோடு இரண்டு சின்னக் காதுகள். கண்ணாடி இலையின் கழுத்து அதற்குக் கீழ் இலையின் கழுத்தோடு ஒரே மட்டத்துக்கு வரும்போதுதான் உச்ச ஆபத்து. 5 செ.மீ. கீழே இருக்கும்போதே தண்ணீரை ஏற்றத் தொடங்கி, 5 செ.மீ. மேலே போன பிறகு இறக்குங்கள். குழாயிலிருந்து நேராக 10 டிகிரித் தண்ணீரை ஊற்றினால் நீங்களே குளிரைக் கொண்டுவந்து கொடுத்த மாதிரி. பீப்பாயில் வெயிலில் காயவைத்த தண்ணீர்தான்.

உழக்கு
பாத்தி கட்டினால் அளவு இப்படி வரும். 1க்கு 2 மீட்டர் மரச்சட்டம், உயரம் 35 செ.மீ., உள்ளே குளத்துக்கு விரிக்கும் ரப்பர் விரிப்பு. மண் 18 செ.மீ., அதற்கு மேல் தண்ணீருக்கு 15. மண் மட்டும் 360 லிட்டர், சேறானால் 600 கிலோவுக்கு மேல். அதோடு ஆழத் தண்ணீர் கட்டினால் இன்னும் 300 லிட்டர். மொட்டைமாடியிலோ பால்கனியிலோ இதை நினைக்கவே கூடாது. சட்டத்தின் நீளப் பக்கங்களை நடுவில் ஒரு குறுக்குக் கட்டையால் பிணைக்காவிட்டால் தண்ணீர் தள்ளிப் பிதுக்கிவிடும்.

30க்கு 16 செ.மீ. இடைவெளியில் ஏறக்குறைய 40 குத்து பிடிக்கும், குத்துக்கு 2 அல்லது 3 நாற்று. நடுக்கோடையில் நாளுக்கு 5, 6 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாகும், அதாவது 10 முதல் 12 லிட்டர். இரண்டு வாரம் ஊருக்குப் போகிறவர்கள் மிதவை வால்வு வைத்துக்கொள்ளுங்கள்.

மண்: பூந்தொட்டிக் கலவை வேண்டாம். அதில் உள்ள தேங்காய் நார், பெர்லைட் எல்லாம் மேலே மிதக்கும், நாற்றும் கூடவே மிதக்கும். தோட்டத்துக் களிமண் ஏழு பங்கு, நன்றாக மக்கிய உரம் மூன்று பங்கு. மக்காததைப் போட்டால் தண்ணீருக்கு அடியில் நொதித்துக் குமிழ் விடும், வேர் கறுத்து அழுகிய முட்டை நாற்றம் வரும்.

கருக்காய்
15 செ.மீ. விளிம்பு விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். 20 லிட்டர் வாளியில் பாதிக்குச் சற்று மேல் மண் என்றால் அதுவும் கிடைக்கும். உரம் பற்றி யாரும் சொல்லவில்லை. வாளிக்கு 8-8-8 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து தலா 8 விழுக்காடு) 5 கிராம், நடுவதற்கு முன் சேற்றோடு பிசைந்துவிடணும். நைட்ரேட் உள்ள தோட்ட உரம் வாங்காதீர்கள். தண்ணீர் கட்டிய மண்ணில் நைட்ரேட் வாயுவாகிப் பறந்துவிடும். யூரியா அல்லது அம்மோனியம்தான் நெல்லுக்கு.

தாளடி
பாத்திக்கு: சதுர மீட்டருக்குத் தழைச்சத்து 4 கிராம், 2 சதுர மீட்டருக்கு யூரியாவாக 17 கிராம். ஹொக்கைடோ ரகங்கள் குட்டையானவை, இதைவிடச் சற்றுக் கூடவும் தாங்கும். கோஷிஹிகாரி போடும் தெற்கு ஊர்க்காரர்கள் 3-க்கு மேல் போக வேண்டாம். அதன் தாள் நீளம், சாய்வதற்குக் காரணம் தேடிக்கொண்டே இருக்கும் ரகம் அது. கூடவே குலை நோயும் பிடிக்கும்: இலையில் இரு முனையும் கூர்ந்த கண் வடிவப் புள்ளி, நடுவில் சாம்பல் நிறம், ஓரம் பழுப்பு. இலை கருகருவென்று இருக்கும் பயிரைத்தான் அது முதலில் தேடும்.

மேலுரம் நாள் பார்த்துப் போடாமல், தண்டைப் பிளந்து பார்த்துப் போடுங்கள். ஓரத்துக் குத்தில் ஒரு தாய்த்தண்டைப் பிளேடால் நீளவாக்கில் கீறினால் உள்ளே வெள்ளைப் பஞ்சு மாதிரி இளங்கதிர் தெரியும். 1 மில்லிமீட்டர் என்றால் கதிர் வர 25 நாள், 1 செ.மீ. என்றால் 18 நாள். 1 செ.மீ. ஆனதும் சதுர மீட்டருக்கு 1 முதல் 2 கிராம் தழைச்சத்து. அதற்கு முந்திப் போட்டால் அடிக்கணு நீண்டு சாயும், பிந்திப் போட்டால் அரிசியில் புரதம் ஏறி சோறு விறைக்கும். இலை இன்னும் நல்ல பச்சையாக இருந்தால் மேலுரமே வேண்டாம்.

பின்கட்டு
தண்ணீரை எப்போதும் நிறுத்தியே வைக்கணுமா? காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடணும் என்று படித்தேன்.

சேற்றுக்கால்
நட்ட முதல் வாரம் 4, 5 செ.மீ., வேர் பிடிக்க. பிறகு 2, 3 செ.மீ., தண்ணீர் சூடேறினால்தான் தூர் கட்டும். குத்துக்கு 18, 20 தூர் வந்ததும் தண்ணீரை வடித்து மண் மெல்ல வெடிக்கும்வரை காயவிடுவார்கள். வீண் தூர் நிற்கும், கெட்ட வாயு வெளியேறும், வேர் ஆழமாகப் போகும். வயலில் 7 முதல் 10 நாள்.

கருக்காய்
வாளியில் அது தேவையில்லை என்பது என் கட்சி. வேர் போக ஆழமே இல்லை, இரண்டு நாளில் மண் பாளமாகி வாளிச் சுவரை விட்டு விலகி வேரை அறுக்கும்.

சேற்றுக்கால்
காயவிடாவிட்டாலும் வடித்துவிட்டு ஈரச் சேறாக இரண்டு நாள் வைக்கலாமே. குமிழ் வந்து நாறும் வாளிக்குக் கட்டாயம் வேண்டும். குமிழ் இல்லை, வேர் வெள்ளையாக இருக்கிறது என்றால் நீங்கள் சொல்வதுபோல் விட்டுவிடலாம். ஒன்று மட்டும்: இளங்கதிர் 1 மில்லிமீட்டர் ஆன பிறகு காயப்போடவே கூடாது. அதிலிருந்து பூத்து முடியும்வரை தண்ணீர் நிற்கணும். பூத்து முடிந்த பிறகு காய்ச்சலும் பாய்ச்சலும், அறுப்புக்கு 10 நாள் முன்பு முழுசாக வடிப்பு. அவசரப்பட்டு முன்கூட்டியே வடித்தால் கதிரின் அடிமணிகள் முற்றாமல் கருக்காயாகும்.

மேலக்காற்று
குளிர் ஊர்க்காரர்களாகவே பேசுகிறீர்கள். நிலநடுக்கோட்டுப் பக்கம் உள்ளவர்களுக்குக் கதை தலைகீழ். பகல் 12 மணி நேரம், வெப்பம் 28 டிகிரி. கோஷிஹிகாரி இரண்டு மாதத்துக்குள் முழங்கால் உயரத்திலேயே கதிர் விட்டுவிடும், தூர் ஐந்தாறுதான் இருக்கும். மூன்று வழி உண்டு. 12 முதல் 15 நாள் இளநாற்றாக நடுங்கள். குத்துக்கு 4, 5 நாற்று வைத்து நெருக்கி நடுங்கள். அல்லது அந்தி சாய்ந்ததும் விளக்குப் போட்டுப் பகலை 14 மணி நேரத்துக்கு மேல் நீட்டி, தூர் போதுமான அளவு வந்ததும் விளக்கை நிறுத்துங்கள். கறுப்பு வாளி இங்கே கூடாது, வெள்ளை வாளி, அதையும் நிழலில் புதைத்து வையுங்கள், இலைக்கு மட்டும் வெயில். பூக்கும் நேரம் காலை 10 மணிமுதல் நண்பகல்வரை. அப்போது 35 டிகிரியைத் தாண்டினால் சூல் பிடிக்காது. கதிர் வந்த முதல் 20 நாள் சராசரி 27-க்கு மேல் நின்றால் அரிசி கண்ணாடி மாதிரி இல்லாமல் பால் வெள்ளையாகும், தீட்டும்போது நொய்யாகும்.

தாளடி
விளக்கு பற்றிச் சொன்னது எல்லா ஊருக்கும் எச்சரிக்கை. தெருவிளக்கோ வாசல் விளக்கோ இரவெல்லாம் பாத்தியில் விழுந்தால் பகல் நீளம் பார்க்கும் ரகங்கள் கதிரைத் தள்ளிப்போடும். ஒரே பாத்தியில் பாதி பழுத்து, விளக்குப் பக்கத்துப் பாதி பச்சையாகவே நின்றால் நோய் தேட வேண்டாம், விளக்கை மறையுங்கள்.

பின்கட்டு
கொசு, குருவி இரண்டுக்கும் வழி சொல்லுங்கள். கடைசியில் எவ்வளவு தேறும்?

உழக்கு
கொசுவுக்கு பிடிஐ எனப்படும் பாக்டீரியா மாத்திரை, அது கொசுப்புழுவையும் அதற்கு நெருங்கிய சில ஈக்களின் புழுவையும்தான் கொல்லும். பாத்தி பெரிதென்றால் நான்கைந்து சின்ன மீன் போதும், தண்ணீர் வடிக்கும்போது எடுத்துவிட மறக்காதீர்கள். குருவிக்கு வலைதான், பொம்மை எல்லாம் ஒரு வாரத்துக்குமேல் செல்லாது. பால் பிடிக்கும் முன்பே வலை போடணும். மணியை நசுக்கிப் பாலை உறிஞ்சிய பிறகு வெள்ளைச் சக்கைதான் மிஞ்சும். வலை கதிரைத் தொடாமல் ஒரு சாண் மேலே நிற்கட்டும், தொட்டால் குருவி வலைமேல் உட்கார்ந்தே தின்னும்.

விளைச்சல்: ஜப்பானிய வயலில் சதுர மீட்டருக்குப் பழுப்பரிசியாக 500 கிராம் சொச்சம். உங்கள் 2 சதுர மீட்டரில் எல்லாம் கூடிவந்தால் 1 கிலோ, கிண்ணத்துக்கு 65 கிராம் தீட்டிய அரிசி என்றால் 14 கிண்ணம் சோறு. முதல் வருடம் பாதி என்று எண்ணிக்கொள்ளுங்கள். வாளிக்கு 20 கதிர், கதிருக்கு 80 மணி, ஆயிரம் மணி 22 கிராம் என்று போட்டால் 35 கிராம், அரைக் கிண்ணம்.

சேற்றுக்கால்
கதிரில் பத்துக்கு எட்டு ஒன்பது மணி பொன்னிறமானதும் அறுங்கள், காம்பில் கொஞ்சம் பச்சை இருந்தால் தவறில்லை. முழுக்கக் காயவிட்டால் மணிக்குள் வெடிப்பு விழும். கைப்பிடிக் கட்டாகத் தலைகீழாகக் கூரைக்கடியில் காற்றில் 10 முதல் 14 நாள் தொங்கவிடுங்கள். ஈரம் 15 விழுக்காட்டுக்கு வரணும். கடித்தால் ‘டொக்’ என்று உடையணும், நசுங்கக் கூடாது. வெப்ப அடுப்பிலோ ஹீட்டர் மேலோ வைக்காதீர்கள், மணியின் சூடு 40 டிகிரியைத் தாண்டினால் வெடிப்புதான்.

பின்கட்டு
1 கிலோவுக்கு இயந்திரம் வாங்க முடியாது. உமியை எப்படி எடுப்பது?

கருக்காய்
உள்பக்கம் வரிவரியாகச் சொரசொரப்பாக இருக்கும் ஜப்பானிய அரைக்கும் கிண்ணம், ஒரு ரப்பர் பந்து, இரண்டு போதும். ஒரு தடவைக்கு அரைப்பிடி நெல், அதிகம் போட்டால் வழுக்கும். பந்தை அழுத்தாமல் வட்டமாக உருட்டினால் குட்டை மணி உமி சீக்கிரம் கழன்றுவிடும். அழுத்தினால் நொய். முறத்தில் புடைத்து, உரியாததை மறுபடி போடுங்கள். வெள்ளை அரிசிதான் வேண்டும் என்றால் கண்ணாடிக் குடுவையில் மூன்றில் ஒரு பங்கு போட்டு மரக்குச்சியால் குத்தணும், ஒரு மணி நேரம் குத்தினால்தான் தவிடு கொஞ்சமாவது போகும். பழுப்பாகவே சமைப்பது உத்தமம்.

தாளடி
உமி எடுக்கும் முன் விதைக்கு ஒதுக்கிவிடுங்கள். நெல் தன்மகரந்தச் சேர்க்கை, பக்கத்தில் வேறு ரகம் இருந்தாலும் கலப்பு 1 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனாலும் இரண்டு ரகம் வைத்தால் எல்லைக் குத்துகளை விட்டு நடுவில் இருந்து எடுங்கள். முதலில் கதிர் விட்ட குத்து எது என்று ஜூலையிலேயே நூல் கட்டி வையுங்கள், அடுத்த வருட விதை அதிலிருந்து. ஈரத்தை 13 விழுக்காட்டுக்கு இறக்கி, காற்றுப்புகாத புட்டியில் குளிர்பெட்டியில் வைத்தால் முளைப்புத்திறன் சில வருடங்களுக்கு நிற்கும்.